ஆய்வுக்கூடத்துப் பூனையும் அவசியத்தின் அளவும்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியின் தாமரைக் குளத்தை ஒட்டி எழுந்து நிற்கிறது சமணர் மலை. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட துறவியர் வாழ்ந்த இடம் அது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அம்மலையடியில், என்னிடம் அரபி இலக்கணம் பயின்று பின்னர் உயிரியல் கற்கச் சென்ற மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், பூனையை அடைத்து வைத்த பெண்ணின் ஹதீதைத் தாங்கள்தாம் எங்களுக்கு ஓதிக் கொடுத்தீர்கள். ஆய்வுக்காகப் பிராணிகளைக் கூண்டில் வைக்கும் நானும் அவளைச் சேர்ந்தவன்தானா?"

உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

தானும் உணவளிக்காமல், அது தானே இரை தேடவும் விடாமல் ஒரு பூனையைச் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளானாள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பூனைக்குட்டியின் மீது கொண்ட பரிவினாலேயே அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அப்பெயர் அமைந்ததையும் நாம் அறிவோம். எனவே நம் மாணவரின் உள்ளத்தில் அவ்வினா எழுந்தது இயல்பே.

இனி ஆய்வுக்கூடத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1964-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட் என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும், பூனைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸே காரணம் என்பதைக் கண்டனர். நோயுற்ற பூனையின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைக் குட்டிகளுக்குச் செலுத்தி, அவற்றுக்கும் நோய் வருவதைக் கண்டே அவ்வுண்மை நிறுவப்பட்டது. அதன் பயனாக 1985-இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. பூனைகளின் நோயெதிர்ப்பு ஆற்றலை அழிக்கும் மற்றொரு வைரஸை 1986-இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் பிரித்தெடுத்தனர். அங்கும் குட்டிகளுக்கு நோய் ஏற்றப்பட்டது. இவ்வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை.

அதே 1986-இல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். மருந்தின்றி மனிதர் மடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்நோய்க்கான மருந்துகள் சிலவற்றை நோயேற்றிய பூனைகளிடத்தும் சோதித்துப் பார்த்தனர். ஆகவே பூனைகள் பட்ட துன்பம் முற்றிலும் வீணானது என்று நாம் கூறிவிட முடியாது. அது துன்பமே அன்று என்று கூறவும் நமக்கு உரிமையில்லை.

இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்ற சட்டம் நம் நாட்டில் உண்டு. அதற்கு வித்திட்டவர் 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். மாநிலங்களவை உறுப்பினராக அவர் தனி மசோதா கொண்டுவந்தார்; அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததும் அதைத் திரும்பப் பெற்றார். அவ்வாறே 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நோய் தீர்க்கவும் அறிவு பெருகவும் செய்யப்படும் ஆய்வை அது விலக்கவில்லை. ஆனால், கைப்பழக்கம் பெறுவதற்காக மட்டும் உயிரை அறுக்கலாகாது. நூலும் மாதிரியும் திரைப்படமும் போதுமாயின் பிராணி வேண்டாம். அறுவையின்போது மயக்க மருந்து வேண்டும் என்று வரையறுத்தது. 1998-ஆம் ஆண்டின் விதிகள் ஆய்வுக்கூடங்களைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தின.

இவ்வரையறை நம் ஃபிக்ஹுக் கலைக்குப் புதிதன்று. அவசியம், தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஒரு விதி. அவ்வாறு ஆகுமானது அவசியத்தின் அளவைத் தாண்டலாகாது என்பது அதன் துணைவிதி. உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பில் இவை 21, 22-ஆம் விதிகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. நம்மில் பலர் முதல் விதியை மனப்பாடமாகச் சொல்வர், இரண்டாவதை மறந்துவிடுவர். ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்களோ, முதுமையாலும் நோயாலும் பயனற்றுப்போன பிராணிக்கும் உணவளிப்பது உடையவனின் கடமை என்று எழுதினார்கள். பயன் தீர்ந்தாலும் பொறுப்புத் தீராது என்பது அதன் உட்பொருள்.

ஆய்வென்றாலே ஊசியும் கத்தியும் என்பதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர்தம் மாணவர்களும் இவ்வட்டாரக் குகைகளில் வாழும் வௌவால்களின் அன்றாடக் காலவொழுங்கை ஆராய்ந்தனர். பகலிரவு தெரியாத இருளில் கூண்டிலிருந்த வௌவால்கள், குகையில் தம் இனம் பறந்து சென்று திரும்பும் நேரத்தை அனுசரித்தே இயங்கின என்று கண்டனர். பின்னர் மனிதர் சிலர் தாமாகவே முன்வந்து, கடிகாரமற்ற தனியறையில் தங்கி அத்தகைய ஆய்வுக்குத் தம்மை ஒப்படைத்தனர். மனிதன் சம்மதம் சொல்லலாம். வௌவாலும் பூனையும் சொல்ல மாட்டா. அதனால் அவற்றின் பொருட்டுக் கேட்க வேண்டிய கேள்விகளை ஆய்வாளனே தன்னிடம் கேட்டாக வேண்டும்.

மறுமுறை வந்தபோது மாணவரிடம் இதையே கூறினேன்: "தம்பி, அப்பெண்ணுக்கு அவசியம் எதுவும் இருக்கவில்லை, அடைத்தபின் பொறுப்பையும் துறந்தாள். நீங்கள் கூண்டைத் திறக்குமுன் வேறு வழியுண்டா என்று பாருங்கள். இல்லையெனில், குறைந்த எண்ணிக்கையே போதுமா, வலியைத் தணித்தோமா, நேரத்துக்கு இரையும் நீரும் சென்றனவா என்று நாள்தோறும் பாருங்கள். இவற்றில் ஒன்றையேனும் கேட்க மறந்த நாளில் அந்த ஹதீதை அஞ்சுங்கள்."

அவர் தலையசைத்தார். விடுமுறை நாட்களில் தம் கூடத்துப் பிராணிகளுக்கு நீர் வைப்பவர் யார் என்பதைத் தாம் இதுவரை விசாரித்ததில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார்.