'இந்தியாவின் முதல்...' என்று ஆரம்பித்தால் கொஞ்சம் உஷார்

2021 ஜனவரி 26. லாக்டவுன் புண்ணியத்துல பெங்களூர் ரூமைக் காலி பண்ணிட்டு நாகரசம்பட்டியில் உக்காந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கிட்டிருந்த காலம். எங்க வீட்டில் சிக்னல் ஒழுங்கா கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடி. அன்னைக்குக் காலையில் எனக்கு முன்னாடியே அங்க ஒரு கூட்டம் உக்காந்திருந்தது. சித்தி பையனும் அவன் கூட்டாளிங்க நாலு பேரும். எல்லாம் ப்ளஸ் ஒன் பசங்க. ஸ்கூல் இன்னும் திறக்கலை. ஆன்லைன் கிளாஸுக்குன்னு அப்பா அம்மா கடன் வாங்கிக் கொடுத்த போனில் அரை ஜி.பி.க்குக் கொஞ்சம் கம்மியா ஒரு ஃபைல் இறங்கிக்கிட்டிருந்தது.

அதுதான் 'ஃபௌ-ஜி'. ஹிந்தியில் ஃபௌஜின்னா சிப்பாய். பேரைச் சொல்லும்போதே பப்ஜி ஞாபகம் வரணும்னு வச்ச பேர். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அஞ்சு பேரில் மூணு பேர் அழிச்சுட்டானுங்க. சித்தி பையன் மட்டும் ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சான். தேசபக்தி இல்லைங்க, டேட்டா காசு வீணாப் போன வயித்தெரிச்சல் :)

இதை வச்சு ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா நினைப்பு. ஓவரா பில்டப் கொடுத்து ஊத்திக்கிட்ட வீடியோ கேம் உலகம் முழுக்க இருக்கு. ஆனா நம்ம நாட்டில் அந்த பில்டப்புக்குன்னு தனியா ஒரு டெம்ப்ளேட் இருக்கு. 'இந்தியாவின் முதல்...'னு ஆரம்பிக்கும். அதோட வரலாறைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

இந்த வியாதியோட ஆதி கதை அமெரிக்காவில். 1982-ல் அடாரி கம்பெனி ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படத்துக்கு கேம் போடறேன்னு உரிமை வாங்கினது. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாகணும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷானு ஒரே ஒரு புரோகிராமருக்குக் கிடைச்சது கிட்டத்தட்ட அஞ்சே வாரம். ஈ.டி. பாட்டுக்குக் குழியில் விழும், ஏறும், திரும்பவும் விழும். விக்காமத் தேங்கின கேசட்டுகளை நியூ மெக்ஸிகோ குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைச்சாங்க. வெறும் வதந்தின்னு பல வருஷம் நினைச்சிருந்ததை 2014-ல் தோண்டி எடுத்தே காட்டிட்டாங்க. படத்தோட பேரைக் கடன் வாங்கி, பண்டிகைத் தேதியை முதல்ல குறிச்சுட்டு, அப்புறம் கேமை எழுத ஆரம்பிச்சா என்ன ஆகும்கிறதுக்கு அதுதான் முதல் பாடம். நம்மாளுங்க அந்தப் பாடத்தைப் படிச்ச மாதிரி தெரியலை.

இங்க 2008 கடைசியில் அமீர்கானின் கஜினி வந்தது (நம்ம சூர்யா படத்தோட ஹிந்தி வடிவம்தான்). அதை ஒட்டி ஹைதராபாத்தின் எஃப்.எக்ஸ். லேப்ஸ் ஒரு கம்ப்யூட்டர் கேம் போட்டது. விளம்பரம், 'இந்தியாவின் முதல் நிஜமான 3டி கேம்'. 2009-ல் அதே ஹைதராபாத்தின் அரோனா, சோனிக்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' கொண்டு வந்தது. இது 'இந்தியாவிலேயே முழுசா உருவான முதல் கன்சோல் கேம்'. வந்தது பிளேஸ்டேஷன் 2-ல். உலகம் அதுக்குள்ள பிளேஸ்டேஷன் 3-க்குப் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2011-ல் ஷாருக்கானின் ரா.ஒன். படமே ஒரு வீடியோ கேமைப் பத்தினது, அதனால கேமாவது நல்லா இருக்கும்னு நம்பினவங்க உண்டு. 2014-ல் கோச்சடையான் வந்தப்ப தலைவர் போனுக்குள்ள அம்பு விட்டார். ரசிகன்கிற முறையில் அதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இதிலெல்லாம் பெரிசா யாருக்கும் நஷ்டமில்லை. படத்துக்கு ஒட்டின போஸ்டர் மாதிரி வந்தது, போச்சு. ஃபௌ-ஜி அப்படி இல்லை.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை பண்ணினது. அதில் பப்ஜி மொபைலும் ஒண்ணு. அதை அதுவரைக்கும் இந்தியாவில் சுமார் 17.5 கோடி தடவை இறக்கியிருந்தாங்கன்னு ஒரு கணக்கு சொன்னது. எங்க ஊர்ல புளியமரத்தடியில் உக்காந்து 'சிக்கன் டின்னர்' சாப்பிட்ட பசங்களையெல்லாம் பார்த்தா அந்தக் கணக்கை நம்பலாம். தடை வந்து ரெண்டே நாள். செப்டம்பர் 4-ஆம் தேதி அக்ஷய் குமார் ட்விட்டரில் ஃபௌ-ஜியை அறிவிக்கிறார். பிரதமரின் 'ஆத்மநிர்பர்' இயக்கத்துக்கு ஆதரவா ஒரு கேமாம். செய்யறது பெங்களூரின் என்கோர் கேம்ஸ். பின்னால இருந்தவர் விஷால் கோண்டல். 1999-ல் இந்தியாகேம்ஸ் ஆரம்பிச்சு, அது பின்னாடி டிஸ்னி கைக்குப் போற அளவுக்கு வளர்த்தவர். ஆள் ஒண்ணும் கத்துக்குட்டி இல்லை. பல மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிச்சுட்டோம்னும் சொன்னாங்க. ஆனா முதல்ல வந்த போஸ்டர், படம் விக்கிற தளத்தில் காசு கொடுத்து வாங்கினது. நெட்டில் ஆளுங்க கண்டுபிடிச்சுக் கலாய்ச்சதும், முறைப்படி வாங்கின படம்தான்னு கம்பெனியே விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவங்களுக்கு இது பழகின காட்சி. மேனேஜர் கிளையண்ட்கிட்ட போய்த் தேதி சொல்லிட்டு வந்துடுவார். அப்புறம் நம்மகிட்ட வந்து 'இதுக்கு எவ்வளவு நாள் ஆகும்பா?'ன்னு கேப்பார். தேதி ஏற்கெனவே போயாச்சு, நம்ம பதிலுக்கு என்ன மதிப்பு?

அக்டோபர் கடைசியில் வரும்னாங்க. தசராவுக்கு டீசர் வந்தது. அப்புறம் நவம்பர். நவம்பர் 30-ஆம் தேதி கூகுள் பிளே ஸ்டோரில் முன்பதிவு மட்டும் திறந்தாங்க. 24 மணி நேரத்தில் 10 லட்சம் பேர். போகப் போக 40 லட்சத்தைத் தாண்டினது. கடைசியில் குறிச்ச தேதி குடியரசு தினம். அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவுல 144 நாள்.

சரி, உள்ள என்ன இருந்தது? மெனுவில் மூணு கதவு. அதில் ரெண்டு பூட்டு, 'விரைவில்'. நாலு பேர் சேர்ந்து ஆடறதுதான் பப்ஜியோட உயிரே. அந்தப் பகுதி பூரா பூட்டுக்குள்ள. திறந்திருந்தது தனி ஆளா ஆடற கதைப் பகுதி மட்டும். கல்வான் பள்ளத்தாக்கு. தன் குழுவைப் பிரிஞ்ச ஒரு சீக்கிய வீரர் மலையில் நடந்து போறார். எதிரிங்க ரெண்டு மூணு பேரா வர்றாங்க, அடிக்கிறார், தடுக்கிறார், விழுந்த கட்டையை எடுத்து அதாலயும் அடிக்கிறார். காயம் பட்டா நெருப்பு மூட்டின இடத்தில் உக்காந்தா ஆறிடும். மறுபடி நடை. மறுபடி அடி. துப்பாக்கி கிடையாது.

துப்பாக்கி இல்லைங்கிறதுக்குத்தான் அதிகம் திட்டு விழுந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கேம் பக்கம். எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாதுன்னு 1996-ல் இந்தியாவும் சீனாவும் போட்ட ஒப்பந்தம் இருக்கு. 2020 ஜூன் 15 ராத்திரி அங்க நடந்ததும் கட்டை, கல்லு, ஆணி அடிச்ச தடிதான். நம்ம பக்கம் 20 பேர் செத்தாங்க. அதில் ஒருத்தர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. கேம் பண்ணினவங்க அந்த உண்மையை நிஜமாவே கேமா மாத்தியிருந்தா எப்படி இருந்திருக்கும்! மூச்சுக் காத்தே கம்மியா இருக்கிற உயரம், இருட்டு, குளிர், கீழே உறையற தண்ணி ஓடற ஆறு. சுட முடியாம நிக்கிற சிப்பாயோட பயம். இதுவரைக்கும் எந்த நாட்டு கேமிலும் நான் பார்க்காத ஒரு கேம் அதுக்குள்ள இருந்தது. அதை எழுத 144 நாள் எப்படிப் போதும்? கிடைச்சது ரெண்டு பட்டனை மாத்தி மாத்தி அமுக்கற வேலை.

இன்னொண்ணு. நிகர வருமானத்தில் 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்குன்னு அறிவிப்பிலேயே சொன்னாங்க. நல்ல விஷயம், கொடுக்கட்டும். ஆனா அது உள்துறை அமைச்சகத்தோட நிதி. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரி மத்திய ஆயுதப் படைக் குடும்பங்களுக்கானது. கல்வானில் இறந்தவங்க ராணுவத்துக்காரங்க. கேமில் காட்டின சண்டை ஒருத்தரோடது, நிதி வேறொருத்தருக்கு. விளம்பரத்தைப் பார்த்த எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்?

பிளே ஸ்டோரில் மதிப்பெண் நாலரைக்கு மேல ஆரம்பிச்சு, சில நாளிலேயே மூணு பக்கம் சரிஞ்சது. விமரிசனப் பகுதியில் ரெண்டே கட்சி. ஒண்ணு, பப்ஜி மாதிரி இல்லைன்னு ஒரு ஸ்டார் போட்ட பசங்க. இன்னொண்ணு, 'நம்ம நாட்டு கேம், குறை சொல்லாதே'ன்னு அஞ்சு ஸ்டார் போட்டவங்க. கேம் எப்படி இருக்குன்னு எழுதினவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். எங்க பக்கம் சீசனில் மாங்காயைக் கல்லு வச்சுப் பழுக்க வைப்பாங்க. பார்க்க மஞ்சளா தகதகன்னு இருக்கும், கடிச்சா பல் கூசும். அதுக்கு மரத்தைக் குறை சொல்ல முடியுமா?

பணக்காரங்க மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, இல்லை. அதே 2020 டிசம்பர் 10-ஆம் தேதி போலந்தின் சைபர்பங்க் 2077 வந்தது. 2012-லேயே அறிவிச்சு, எட்டு வருஷம் ஆசை காட்டி, ஒரே வருஷத்தில் மூணு தடவை தேதி மாத்தி, கடைசியில் பழைய பிளேஸ்டேஷனில் ஓடவே திணறினது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதைத் தூக்கிட்டு, காசையும் திருப்பிக் கொடுத்தது. ஆனா அவங்க விடாம உக்காந்து ரிப்பேர் பண்ணி, 2023-ல் அதை ஒரு நல்ல கேமாவே ஆக்கிட்டாங்க. விழுந்தா எந்திரிக்கறதுக்குக் கையில் காசு இருந்தது.

இப்போ எனக்கு உண்மையிலேயே மனசு கேக்காத விஷயத்துக்கு வர்றேன். ஃபௌ-ஜிக்காக நாடே காத்திருந்த அதே 2020-ல், ஆகஸ்ட் 18-ஆம் தேதி, புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' வெளியிட்டது. முதல்ல நின்டெண்டோ ஸ்விட்சில், அக்டோபரில் கம்ப்யூட்டருக்கு. ஸ்டார் கிடையாது, தடை கிடையாது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் 1,20,000 பவுண்டு கேட்டுப் பார்த்தாங்க, சேரலை. நிறுவனர்களில் ஒருத்தரான ஷ்ருதி கோஷ் தன் ஃபிளாட்டை வித்து அந்தப் பணத்தில் வேலையைத் தொடர்ந்தார்.

கதை சின்னது. அசுரர்கள் தூக்கிட்டுப் போன தம்பி கோலுவைத் தேடிப் போற கழைக்கூத்தாடிப் பொண்ணு. துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கிட்டே கதை சொல்றாங்க. ராஜஸ்தான் கோட்டைகள், சுவர் ஓவியங்கள், நடுநடுவுல தோல்பாவைக் கூத்து மாதிரி காட்சிகள். கண்ணு நிறைஞ்சு போச்சுங்க. அந்த வருஷம் 'கேம் அவார்ட்ஸ்' நிகழ்ச்சியில் சிறந்த அறிமுகப் படைப்புப் பட்டியலில் இடம் பிடிச்சது. நம்ம பத்திரிகைகள் எல்லாம் தலையில் தூக்கி வச்சு ஆடினாங்க.

லேப்டாப்பில் வாங்கி ஆடினேன். உண்மையைச் சொல்றேன், அதுவும் அந்தப் பாராட்டு அளவுக்கு இல்லை. சண்டை ஒரே மாதிரி. திரிசூலத்தால் அடிச்சா அடி விழுந்த உணர்வே கைக்கு வரலை. கேமரா சில இடத்தில் ராஜியைத் தூணுக்குப் பின்னாடி ஒளிச்சுடுது. அஞ்சு மணி நேரம் ஓடி, கதை சூடு பிடிக்கிற இடத்தில் டக்குனு முடிஞ்சுடுது. வெளிநாட்டு விமரிசகர்கள் இதை நேரா எழுதினாங்க. நம்மூரில் பலரும் பூசி மெழுகினாங்க. பாவம், சின்ன டீம், நம்ம புராணம்னு. ஃபிளாட்டை வித்துக் கேம் பண்ணினவங்களுக்கு வேணும்கிறது அடுத்த கேமில் எதைத் திருத்தணும்கிற தகவல். அதைக் கொடுக்காம மாலையைப் போட்டு அனுப்பிட்டோம். ஆனா ராஜியோட குறை, காசும் ஆளும் பத்தாத குறை. தேதிக்காகவோ கைதட்டலுக்காகவோ அவசரப்பட்ட குறை இல்லை. எனக்கு இது ரெண்டும் ஒண்ணில்லை.

2021 மார்ச் வாக்கில் சித்தி பையனைக் கூப்பிட்டு ராஜியைக் காட்டினேன். முதல் கோட்டையைப் பார்த்துட்டு வாயைப் பொளந்தான். "யாருண்ணா பண்ணது? ஜப்பான்காரனா?"

"இல்லடா. புனே."

"இந்தியா கேமா?" அவன் மூஞ்சி மாறினதை இன்னும் மறக்கலை. "அப்ப இதுலயும் பாதி பூட்டியிருக்குமேண்ணா." எந்திரிச்சுப் போயிட்டான். ஃபௌ-ஜி பண்ணின நஷ்டம் எனக்கு அந்த நிமிஷம்தான் புரிஞ்சது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூலையில் பப்ஜி வேற பேரில் பி.ஜி.எம்.ஐ.யா வந்தது. பசங்க அங்க போயிட்டாங்க. 2022 ஜூலையில் அதையும் எடுத்தாங்க, 2023 மேயில் திரும்ப விட்டாங்க. புனேயின் சூப்பர்கேமிங், 'இண்டஸ்'ங்கிற பேரில் நம்ம நாட்டுப் பாணியில் ஒரு கேம் வருதுன்னு சொல்லி, 1 கோடிக்கு மேல முன்பதிவு வாங்கி, 2024 அக்டோபரில் வெளியிட்டது. 2025 ஜனவரியில் ஃபௌ-ஜியே இன்னொரு கம்பெனி கையால் 'டாமினேஷன்'னு புதுசா வந்தது. இந்தத் தடவை துப்பாக்கியோட, அஞ்சு பேர் அஞ்சு பேரா சேர்ந்து ஆடற மாதிரி.

சித்தி பையன் இப்போ ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. டாமினேஷன் வந்த அன்னைக்கு லிங்க் அனுப்பினேன். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுக் காலையில் பதில் போட்டிருந்தான்: "ஒரு வாரம் மத்தவங்க ஆடட்டும்ணா. அப்புறம் பாத்துக்கலாம்."