கையில் பிடிக்கிற மெஷினுக்கு ஒரு சரித்திரம்

முன்னெல்லாம் தோட்டத்துல கரண்டுன்னா கிணத்து மோட்டார் மட்டும்தான். சிமெண்டு திட்டுல போல்ட் போட்டு ஒரே இடத்துல நிக்கும். சுவிட்சைப் போட்டுட்டு வந்துடலாம். இன்னைக்கு தட்டு வெட்டற மெஷின், பால் கறக்கற மெஷின், கட்டிங் மெஷின், டிரில்லுன்னு இழுத்துட்டுப் போற சாமான் ஒவ்வொரு தோட்டத்துலயும் நாலஞ்சு இருக்குதுங்க. கூடவே ஈர மண்ணு, வெறுங்காலு, ஒட்டுப்போட்ட வயரு.

எங்க பக்கம் ஒரு மழைக்காலத்துல, கூலிக்கு வந்த ஒருத்தர் ஓடற மெஷினைத் தள்ளி வைக்கப் போய் அதைப் பிடிச்சபடியே போய்ச் சேர்ந்துட்டார். "விதி"ன்னு ஊரே சொல்லி முடிச்சிருச்சு. இந்த விஷயத்தோட சரித்திரத்தைப் படிச்ச பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரலைங்க.

கரண்டுல ஓடற முதல் கை டிரில்லை 1895-ல் ஜெர்மனியில ஃபைன் கம்பெனி செஞ்சாங்க. ஏழரை கிலோ எடை. நெஞ்சுல முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டணும். 1917-ல் அமெரிக்காவில பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி துப்பாக்கி மாதிரி கைப்பிடியும் விரலால் அழுத்தற சுவிட்சும் வச்ச டிரில்லுக்கு காப்புரிமை வாங்கினாங்க. மெஷின் நம்ம கைக்குள்ள வந்துச்சு. ஆபத்தும் கூடவே வந்துச்சு.

எப்படின்னு கேட்டா, சுவத்துல மாட்டின மெஷினை புறங்கை பட்டுத் தொட்டா உதறிட்டு வந்துடலாம். இறுக்கிப் பிடிச்ச மெஷின்ல உடம்புக்குக் கரண்டு வந்தா தசை சுருங்கி கை இன்னும் இறுகிடும். விட நினைச்சாலும் விட முடியாது. அமெரிக்காவில பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1940-களில் இதை ஆட்களை வச்சே சோதிச்சுப் பார்த்தார். தானா முன்வந்தவங்க கையில கம்பியைக் கொடுத்து, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, எந்த அளவு வரைக்கும் கையை விட முடியுதுன்னு அளந்தார். ஆம்பளைகளுக்கு சராசரியா 16 மில்லி ஆம்பியர். பொம்பளைகளுக்கு சுமார் பத்தரை.

இது எவ்வளவு சின்ன அளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டுல எரியற 9 வாட் எல்.இ.டி. பல்பே 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாம இழுக்கும். நாம நம்பிட்டு இருக்கற 5 ஆம்பியர் பியூஸ் 5,000 மில்லி ஆம்பியருக்கானது. ஆள் செத்தாலும் பியூஸ் போகாது. பியூஸ் காப்பாத்தறது வயரை, ஆளை இல்லை.

ஆளைக் காப்பாத்த முதல்ல வந்தது எர்த்து. மெஷினோட இரும்பு உடம்பை மண்ணோட சேர்த்துட்டா, உள்ளே கசியற கரண்டு நம்ம உடம்பைத் தேடாம அந்த வழியா இறங்கிடும், பியூஸும் போகும். 1956-ல் வந்த இந்திய மின்சார விதிகள்லயே மோட்டார் உடம்புக்கு எர்த்து கட்டாயம். ஆனா எர்த்து வயர் உள்ளே அறுந்திருந்தா மெஷின் ஓடறதுல ஒரு வித்தியாசமும் தெரியாது. சிக்கலே அங்கதான். சோதிச்சாத்தான் தெரியும்.

அடுத்த வழி சுரங்கத்துல இருந்து வந்துச்சு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள்ல வேலை செஞ்சவங்களுக்காக, 1950-களின் நடுவுல ஹென்றி ரூபின்ங்கற இன்ஜினியர் ஒரு கருவி செஞ்சார். போற கரண்டும் திரும்பற கரண்டும் சமமா இருக்கான்னு அது பார்த்துட்டே இருக்கும். வித்தியாசம் வந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்திடும். டால்சீலும் 1961-ல் இதே வேலைக்கு ஒரு கருவி கண்டுபிடிச்சார். இன்னைக்கு நம்ம கடையில ஆர்.சி.சி.பி.ன்னு கேட்டு வாங்கறது அந்த வம்சம்தான். வீட்டுக்கு வாங்கறது 30 மில்லி ஆம்பியர்ல விழற மாதிரி இருக்கணும்.

எங்க அக்கா மகன் இங்கிலாந்துல ஒரு குடோன்ல வேலை செய்யறான். அங்கே டீ கெட்டில்ல கூட சோதிச்ச தேதியோட பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்காம். "மாமா, கெட்டிலுக்கெல்லாம் ஆள் வந்து சர்டிபிகேட் குடுக்கறாங்க"ன்னு சிரிச்சான். அதுக்குப் பின்னால 1989-ல் போட்ட சட்டம் இருக்கு. 1990 ஏப்ரல் 1-ல் இருந்து நடைமுறை. வேலை இடத்துல இருக்கற மின்சாதனத்தை ஆபத்து வராத மாதிரி பராமரிக்கணும்னு அது சொல்லுது. வருஷா வருஷம் சோதிக்கணும்னோ ஸ்டிக்கர் ஒட்டணும்னோ அதில் இல்லை. அந்தப் பழக்கம் அப்புறம் ஒரு தொழிலாவே வளர்ந்துடுச்சு. 2011-ல் பேராசிரியர் லோஃப்ஸ்டெட் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில, தேவைக்கு மேல சோதிக்கறாங்கன்னு இதையும் எடுத்துச் சொன்னார். சாமானுக்கும் வேலை இடத்துக்கும் தக்கபடி பார்த்தாப் போதும்னு அதுக்கப்புறம் தெளிவாக்கினாங்க. ஆபீஸ் கம்ப்யூட்டரும் கட்டட வேலை டிரில்லும் ஒண்ணு இல்லையே. அங்கே கட்டட வேலைக்கு 110 வோல்ட் மெஷின்தான் வழக்கம். எர்த்துக்கு அதில் 55 வோல்ட்தான் நிக்கும்.

அவங்க சொல்றதுல எனக்குப் பிடிச்சது, பெரும்பாலான கோளாறைக் கண்ணால பார்த்தே கண்டுபிடிச்சிடலாம்ங்கறது. அதுக்குப் படிப்பு வேண்டாம், காசும் வேண்டாம்.

அமாவாசைக்கு எங்க பக்கம் ஏர் பூட்ட மாட்டோம். அந்த நாள்ல எல்லா சாமானையும் பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்க்கறேன். வயர்ல கீறல் இருக்கா, எலி கடிச்சிருக்கா, மூணாவது பின் இருக்கா, பிளக் கருகியிருக்கா. எர்த்து குழிக்கு கோடையில ரெண்டு குடம் தண்ணி ஊத்தறேன். காஞ்ச மண்ணு கரண்டை வாங்காது. ஆர்.சி.சி.பி.யில இருக்கற சோதனைப் பட்டனை அழுத்தி, விழுதான்னு பார்க்கறேன். எர்த்து வயரை மட்டும் மீட்டர் வச்சிருக்கற வயர்மேனைக் கூப்பிட்டு வருஷத்துக்கு ஒருக்கா பார்க்கச் சொல்றேன்.

தோட்டம் எனக்குச் சொந்த இடம். கூலிக்கு வர்றவங்களுக்கு அதுதான் ஆபீஸு, அதுதான் பேக்டரி. அவங்க கையில நாம கொடுக்கற மெஷினைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது நாமதான். உங்க அபார்ட்மெண்டுல டிரில் போட வர்ற பையனோட வயரையும், அவன் பிளக்ல சொருகறதுக்கு முன்னால ஒருக்கா பாருங்க.