ஆபீஸ் பிரிண்டர் பேசும் பாஷை

எல்லா ஆபீஸிலும் ஒரு பிரிண்டர் இருக்கும். அது மக்கர் பண்ணும்போது பக்கத்தில் ஒருத்தர் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பார். எங்க ஆபீஸில் அந்த ஒருத்தர், அட்டெண்டர் அண்ணன்.

2003ன்னு ஞாபகம். மாசக் கடைசி. சம்பளப் பட்டியலை பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, மூணு மணிக்குள்ளே பாங்க்கில் சேர்க்கணும். பிரிண்டர் நின்னு போச்சு. அதோட குட்டித் திரையில் 'பி.சி. லோட் லெட்டர்'னு ஒரு வரி. எட்டாம் கிளாஸோட படிப்பை நிறுத்தினவர் அண்ணன். எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "சார், ஏதோ லெட்டர் லோடு பண்ணச் சொல்லுது"ன்னார். "படிக்கத் தெரியாதவங்களை மெஷின் பக்கம் விட்டா இப்படித்தான்"னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்தினார். நாங்க சிரிச்சோம். நானும்தான். கம்ப்யூட்டரை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். சாயங்காலம் சர்வீஸ் ஆள் வந்து ஒரே ஒரு பட்டனை அமுக்கினார், பட்டியல் வந்துடுச்சு. ஆனா பாங்க் மூடியாச்சு. சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனதுக்கு மொத்தப் பழியும் அண்ணன் தலையில்.

வேடிக்கை என்னன்னா, அந்த வரிக்கு அர்த்தம் மேனேஜருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த உறுத்தலில்தான் இந்த வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொண்ணா தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதலில் அந்த வரி. இங்கே பி.சி. என்றால் கம்ப்யூட்டர் இல்லை, பேப்பர் கேசட். அதாவது பேப்பர் வைக்கிற தட்டு. லெட்டர் என்பது கடிதமும் இல்லை, எழுத்தும் இல்லை, அமெரிக்கப் பேப்பர் அளவு: எட்டரைக்குப் பதினொரு அங்குலம். 'தட்டில் லெட்டர் சைஸ் பேப்பர் வை' என்பதுதான் செய்தி. எங்க தட்டில் இருந்ததோ ஏ4. ஜெர்மனியில் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்து 1922-இல் தரமாக்கப்பட்ட அளவு அது. 210-க்கு 297 மில்லிமீட்டர். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால்தான் 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று சரியாக 5 கிராம். 1975-இல் இது ஐ.எஸ்.ஓ. தரமாகி உலகம் பூரா பரவியது. அமெரிக்காவோ தன் லெட்டரை விடவில்லை. அமெரிக்காவில் எழுதின சாஃப்ட்வேர் பல நேரம் தானாகவே லெட்டர் அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் லெட்டர் கேட்டது, தட்டில் ஏ4 இருந்தது, பிரிண்டர் நியாயமாகத்தான் நின்றது.

சரி, இந்தப் பெட்டிக்கு நெட்வொர்க் எப்படி வந்தது? கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்தார்கள், பிறகு அதில் பிரிண்டரையும் மாட்டினார்கள் என்றுதான் நான் நினைச்சிருந்தேன். இன்றைக்கு ஆபீஸில் ஓடும் நெட்வொர்க்கின் கதையில் பிரிண்டர் ஆரம்பத்திலேயே வருகிறது.

நம்ம ஊரில் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் நகல் எடுத்தால் அது 'ஜெராக்ஸ்'தான். தெருமுனைக் கடையும் ஜெராக்ஸ் கடைதான். அந்தப் பெயர் 'உலர்ந்த' என்கிற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் மை இல்லாமல், மின்னேற்றத்தையும் பொடியையும் வைத்தே முதல் நகலை எடுத்தார். அந்த முறையில் 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷின் ஆபீஸ் உலகத்தையே மாற்றியது.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதருக்கு 1960களின் கடைசியில் ஒரு யோசனை. நகல் எடுக்க ஒரு மூலத்தாள் எதற்கு? கம்ப்யூட்டர் சொல்கிறபடி லேசர் கதிரே உருளையின் மேல் எழுதினால் என்ன? மேலதிகாரிகள் அதை ரசிக்கவில்லை. லேசர் அப்போது விலை அதிகம். மனுஷன் விடாமல் 1971-இல் கலிஃபோர்னியாவில் இருந்த அதே கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாற்றல் வாங்கிப் போய், லேசர் பிரிண்டரை ஓட்டிக் காட்டினார்.

அதே கட்டிடத்தில் 1973-இல் 'ஆல்டோ' என்கிற மேசைக் கம்ப்யூட்டர் பிறந்தது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது திட்டம். ஆனால் ஆளுக்கு ஒரு லேசர் பிரிண்டர் நடக்கிற காரியமா? ஒன்றைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கணும். அங்கேதான் சிக்கல். அந்தப் பிரிண்டர் ஒரு அங்குலத்துக்கு 500 புள்ளி அடிக்கும், வினாடிக்கு ஒரு பக்கம் தள்ளும். ஒரு லெட்டர் தாளைப் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டால் 2 கோடியே 30 லட்சம் பிட்டுக்கு மேல் வரும். வினாடிக்கு 9600 பிட் போகிற ஒயரில் அதை அனுப்பினால் ஒரு பக்கத்துக்கு 40 நிமிஷம்! டீ குடித்து, சாப்பிட்டே வந்துவிடலாம்.

இதற்கு வழி கண்டுபிடிக்கும் வேலை பாப் மெட்காஃபிடம் வந்தது. 1973 மே 22 அன்று அவர் எழுதின குறிப்பில்தான் 'ஈதர்நெட்' என்ற பெயர் இருக்கிறது. டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அதைக் கட்டினார். வேகம் வினாடிக்கு 29 லட்சம் பிட். நாற்பது நிமிஷப் பக்கம் எட்டே வினாடி ஆனது.

பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒளி பரவ, வெளியெங்கும் ஈதர் என்று ஒன்று நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-இல் மைக்கேல்சனும் மோர்லியும் சோதித்துப் பார்த்தபோது அதன் சுவடே இல்லை. இயற்பியல் கைவிட்ட அந்தச் சொல்லை, எல்லோருடைய செய்தியையும் பேதம் பார்க்காமல் சுமக்கும் ஒயருக்கு மெட்காஃப் வைத்தார். பேச்சு முறைக்கு ஹவாய்த் தீவுகளின் 'அலோஹா' ரேடியோ நெட்வொர்க் முன்மாதிரி. யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேள். இல்லையென்றால் பேசு. ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசு. நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த மரியாதைதான் :-)

1980-இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டைப் பொது விதியாக வெளியிட்டன. 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். அந்த விலைக்கு மேசைக்கு ஒன்று வாங்க முடியாது என்பதால் பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட நெட்வொர்க் வசதியோடேயே விற்றார்கள். மெட்காஃபுக்கு ஈதர்நெட்டுக்காக 2022-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ஸ்டார்க்வெதர் 2019-லேயே காலமாகிவிட்டார்.

இப்போ மிச்ச வார்த்தைகள். நம்ம பக்கம் போகிற வழியோடேயே போவோம்.

டிரைவர்: வண்டி ஓட்டுகிறவர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். போஸ்ட்ஸ்கிரிப்ட், பி.சி.எல். என்று பிரிண்டருக்குப் பிரிண்டர் பாஷை வேறு. கண்டபடி கிறுக்கலாக வந்தால் தப்பான மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஸ்பூலர்: நூல் சுற்றுகிற ஸ்பூல்தான். கம்ப்யூட்டர் வேகம், பிரிண்டர் மெதுவு. அதனால் வேலையைச் சுற்றி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. 'சைமல்டேனியஸ் பெரிபெரல் ஆபரேஷன்ஸ் ஆன்லைன்' என்று ஒரு விரிவாக்கமும் சொல்வார்கள். வார்த்தைக்காகப் பின்னால் ஜோடித்ததாகவும் இருக்கலாம்.

க்யூ: பிரெஞ்சில் வால். மாசக் கடைசியில் அனுமார் வால். தலையில் ஒரு வேலை சிக்கினால் பின்னால் இருக்கிற அத்தனையும் நிற்கும். அந்த ஒன்றை நீக்கினால் போதும்.

போர்ட்: வாசல். ஒரு காலத்தில் நிஜமாகவே கம்ப்யூட்டரின் முதுகில் 25 ஓட்டையோடு இருந்தது. நெட்வொர்க்கில் அது வெறும் எண். பல பிரிண்டர்கள் 9100-ஆம் எண் வாசலில் காத்திருக்கும்.

ஐ.பி. முகவரி: வீட்டு விலாசம். 1993-இல் வந்த டி.எச்.சி.பி. முறையில் விலாசங்கள் தானாகவே கொடுக்கப்படும், சில சமயம் மாறியும் போகும். பிரிண்டர் தெம்பாக நிற்கும்போதே கம்ப்யூட்டர் 'ஆஃப்லைன்' என்று சொல்கிறதா? பெரும்பாலும் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கு நிரந்தர விலாசம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை போச்சு.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன், பேப்பர் சிக்கினால் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தகவல் போகிறமாதிரி பழைய பிரிண்டரின் சாஃப்ட்வேரை மாற்றி வைத்திருந்தார். அதன் பிறகு வந்த லேசர் பிரிண்டருக்கும் அதே மாதிரி செய்ய அதன் மூல நிரலைக் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, அதை வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். மனதைப் பாதித்த சம்பவம் என்று ஸ்டால்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1983-இல் அவர் அறிவித்த ஜி.என்.யு. திட்டத்துக்குப் பின்னால் அந்தப் பிரிண்டரும் இருக்கிறது.

ஸ்டால்மனுக்குக் கோபம் வந்தது. எங்க அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். தப்பு தன்னோடதுன்னே நினைச்சுட்டார்.

யோசிச்சுப் பாருங்க. "லெட்டர் லோடு பண்ணச் சொல்லுது"ன்னு அன்னைக்கு அவர் சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. மெஷின் கேட்டது அதைத்தான். அத்தனை டிகிரி இருந்த ஆபீஸில் அதைச் சரியாகப் படிச்சது அவர் ஒருத்தர்தான். இதை அவர்கிட்டே சொல்லணும்னு எனக்குத் தோணினபோது அவர் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்.

உங்க ஆபீஸ் பிரிண்டர் பக்கத்திலும் இன்னைக்கு யாராவது நின்னுக்கிட்டு இருப்பாங்க. சிரிக்கிறதுக்கு முன்னாடி, திரையில் என்ன எழுதியிருக்குன்னு அவங்களோட சேர்ந்து ஒரு தடவை படிச்சுப் பாருங்க.