மன்னாரின் குடித்தொகையும் பொருள்வளமும்

ஒரு நாட்டின் பொருள்நிலையை ஆராயப் புகுவோர் அங்கு விளையும் பொருளைக் கணக்கிடுதல் வழக்கம். அப்பொருள் யார் கையிற் சேர்ந்தது என்பதையும் உடன் ஆராய்ந்தாலன்றி அவ்வாய்வு முற்றுப்பெறாது. இவ்வுண்மையை விளக்குதற்கு மன்னார் மாவட்டத்தின் வரலாறு சிறந்த சான்றாகும்.

மன்னாரின் பழம்பெருமை பலரும் அறிந்ததே. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டம், பண்டைக் காலத்துப் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. 1980ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்ற அகழ்வாய்வுகளிற் சீனத்து மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் வெளிப்பட்டன. மன்னார்த் தீவில் நிற்கும் பெருக்கமரங்கள் ஆபிரிக்கக் கண்டத்துக்கு உரியவை. அராபிய வணிகர் கொணர்ந்தனவென்பர். 1560இற் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைப்பற்றினர். முத்தும் கடல்வழியுமே அவர்தம் நாட்டத்துக்குப் பெருங்காரணங்களாயின.

இனிக் குடிசன மதிப்பு எண்களை நோக்குவோம். 1881இல் இம்மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 21,000 பேர். ஐம்பது ஆண்டுகள் கழிந்து 1931இல் அத்தொகை 25,000 அளவிலேயே நின்றது. இதே காலத்தில் இலங்கை முழுவதன் குடித்தொகையோ ஏறத்தாழ 27 இலட்சத்திலிருந்து 53 இலட்சமாகப் பெருகிற்று. நாடு இருமடங்காகப் பெருக, மன்னார் ஐந்தில் ஒரு பங்கேனும் பெருகவில்லை.

வியப்பு யாதெனில், மன்னாரின் கடற்செல்வம் உலகெங்கும் பேசப்பட்ட காலமும் இதுவே. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மரிச்சுக்கட்டியின் வெறுமணலிற் சில கிழமைகளுக்குள் ஒரு நகரமே எழுந்தது. ஆயின் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குரியது. எஞ்சிய பங்கே குளிப்போரைச் சேர்ந்தது. குளிப்போரிற் பெரும்பாலார் கீழக்கரை முதலிய தமிழகத்துத் துறைகளிலிருந்தும் அராபிய நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். விலைக்கு வாங்கிய வணிகரும் வெளியூரவரே. குளிப்பு முடிந்ததும் கொட்டில்கள் பிரிக்கப்பட்டன, முத்தும் பணமும் கப்பலேறின, மணலே எஞ்சிற்று. 1906இல் முத்துச்சலாபம் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகையாக விடப்பட்டது. அடுத்த ஆண்டோடு சிப்பிப் படுகைகள் வறண்டன.

மற்றொரு பெருக்கும் மன்னார் வழியே ஓடிற்று. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துத் தொழிலாளர் இக்கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1899இல் அவ்வழி மூடப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை அமைந்து, தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவையும் தொடங்கிற்று. மலைநாட்டின் செல்வத்தை ஆக்கிய கைகள் மன்னாரைக் கடந்து சென்றன. அச்செல்வத்தில் மன்னாருக்கு வாய்த்த பங்கு மிகச் சிறிது.

ஈண்டு மேற்காபிரிக்காவின் கானா நாட்டை ஒப்புநோக்குதல் பயன்தரும். கோல்ட் கோஸ்ட் என வழங்கிய காலத்தில் அந்நாடு கொக்கோ விளைவில் உலகில் முதலிடம் எய்தியது. அப்பயிரை விளைத்தவர் பெரும்பாலும் உள்ளூர்ச் சிறு விவசாயிகளே. ஆதலின் விலையின் ஒரு பகுதியேனும் ஊரிலே தங்கிற்று. ஆயினும் ஒரே பொருளை நம்பிய வாழ்வின் இடர் அவர்களையும் விடவில்லை. 1957இல் விடுதலை பெற்ற அந்நாடு, 1965இற் கொக்கோ விலை வீழ்ந்தபோது பெரிதும் தளர்ந்தது. ஒரு பொருளை மட்டும் நம்புதல் தீங்கு. அப்பொருளின் பயனும் பிறர்பாற் செல்லுதல் அதனினும் தீங்கு.

அவ்வாறாயின் மன்னார் மக்களை வாழ்வித்தவை யாவை? அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பிப் பெற்ற நெல். கீரி முதலிய கரையூர்களின் மீனும் கருவாடும். தீவெங்கும் நின்ற பனை. இவற்றின் பயன் ஊரில் தங்கிற்று. மலேரியா ஒடுக்கப்பட்டு வயல்நிலங்களும் விரிந்தமையால், 1946இல் 31,000 அளவினதாயிருந்த குடித்தொகை 1963இல் 60,000 ஆகவும், 1981இல் ஒரு இலட்சத்து ஆறாயிரமாகவும் உயர்ந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் நிகழாத வளர்ச்சி, நெல்லும் மீனும் தாங்கிய காலத்தில் நிகழ்ந்தது.

அவ்வளர்ச்சியைப் போர் அழித்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. பல்லாயிரம் தமிழர் படகேறித் தமிழகம் சென்றனர். முன்னர்த் தோட்டத் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்த மண்டபம் முகாம், இப்போது ஏதிலிகளின் உறைவிடமாயிற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் வெறுமையாயின. புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மாவட்டத்தின் தொகை ஒரு இலட்சத்துக்கும் குறைவு. முப்பது ஆண்டுகளின் பிறப்பு முழுவதும் அவ்வெண்ணில் மறைந்தது. எண்ணுவோர் வீட்டில் இருப்போரையே எண்ணுவர். வீட்டுக்கு உரியோர் அனைவரும் அக்கணக்கில் அடங்கார். மன்னாரின் குடித்தொகையைக் கற்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

2015இல் இருப்புப்பாதை மீண்டது. 2020இன் இறுதியில் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் தொழிற்படத் தொடங்கின. அவை ஆக்கும் மின்சாரம் நாடு முழுவதற்கும் பயன்படுகின்றது, அது வேண்டுவதே. எனினும் மேலும் காற்றாலைகள் நிறுவுதலையும் கனிம மணல் அகழ்தலையும் எதிர்த்து 2025இல் மன்னார் மக்கள் கிளர்ந்தெழுந்தமை காரணமற்றதன்று. இழுவைப் படகுகளால் வலையும் மீனும் இழந்த கடற்றொழிலாளர், கடலின் செல்வம் பிறர்பாற் செல்லுதலைக் கண்கூடாகக் கண்டவர்கள்.

முத்துக்கு நேர்ந்தது காற்றுக்கும் மணலுக்கும் நேருமோ என்பதே இன்று எழும் வினா. வருவாயில் ஒரு பங்கு ஊரின் குடிநீருக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சட்டப்படி ஒதுக்கப்படுமாயின், மீண்டு வருவோர்க்கு நிலமும் தொழிலும் கிட்டுமாயின், அந்நிலை நேராது. நாளை அலுவலகங்களில் அமர்ந்து திட்டங்களுக்கு ஒப்பமிடப் போகும் மாணவர்கள், மரிச்சுக்கட்டி மணலை ஒருகால் நினைத்துப் பார்ப்பாராக.