முகில்துளிகளின் மோதுகை: ஒரு கோட்பாட்டின் வளர்ச்சி

முகில் என்பது காற்றிலே மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமாகும். அத்துளிகளின் ஆரை பெரும்பாலும் 10 மைக்கிரோமீற்றர் அளவினது. 1 மில்லிமீற்றர் ஆரையுடைய மழைத்துளி ஒன்று தோன்றுவதற்கு அத்தகைய 10 இலட்சம் துளிகளின் நீர் வேண்டும். நீராவி ஒடுங்குவதால் மாத்திரம் இவ்வளர்ச்சி விரைவில் நிறைவேறாது. துளிகள் மோதி இணைதல் வேண்டும். ஓடும் வாயுவில் மிதக்கும் துணிக்கைகள் எவ்வாறு மோதுகின்றன என்னும் வினா இவ்வகையில் முதன்மை பெறுகின்றது.

எனினும் இவ்வாய்வின் தொடக்கம் முகிலிலன்று, திரவத்திலேயாகும். நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகள் ஓயாது அசைவதை 1827இல் தாவரவியலாளர் றொபேட் பிறவுண் அவதானித்தார். மூலக்கூறுகளின் தாக்கமே அவ்வசைவுக்குக் காரணமென 1905இல் ஐன்ஸ்ரைனும், 1906இல் போலந்துப் பௌதிகவியலாளர் மரியன் சிமொலுக்கோவ்ஸ்கியும் கணிதமுறையில் விளக்கினர். கூழ்க்கரைசலில் துணிக்கைகள் மோதித் திரளும் வீதத்தைக் கணிக்கும் கோட்பாட்டைச் சிமொலுக்கோவ்ஸ்கி முதலாம் உலகப் போரின் நடுவே, 1916, 1917ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1917 செப்டெம்பரில், 45 வயதில், அவர் கிராக்கோ நகரில் நோயுற்று இறந்தார்.

அவர் இரு நிலைகளை வேறுபடுத்திக் காட்டினார். ஊடகம் ஓய்ந்திருப்பின் துணிக்கைகள் பிறவுண் அசைவினால் மோதுகின்றன. ஊடகம் ஓடுமாயின், அடுத்தடுத்த படைகளின் வேகம் வேறுபடுவதால், விரைந்து செல்லும் துணிக்கை மெதுவாகச் செல்வதை எட்டி மோதுகின்றது. இவ்விரண்டாம் நிலையில் மோதுகை வீதம் இரு ஆரைகளின் கூட்டுத்தொகையின் கனத்துக்கு விகிதசமமாகும். எனவே துணிக்கை பெரிதாகப் பெரிதாக ஓட்டத்தின் பங்கே மேலோங்கும்.

ஆனால் முகிலின் காற்று சீராக ஓடுவதன்று, கொந்தளிப்பது. மிகச் சிறிய சுழிகளுக்குள் வேகப் படித்திறன் ஏறக்குறையச் சீரானது எனக் கொண்டு, 1956இல் சஃப்மனும் ரேணரும் கொந்தளிப்புக்குரிய மோதுகை வீதத்தைக் கணித்தனர். இக்கணிப்பு ஓட்டத்தை நெருங்கித் தொடரும் சிறுதுளிகளுக்கே பொருந்தும். பாரமான துணிக்கைகள் சடத்துவத்தால் ஓட்டத்தினின்றும் விலகி, ஒன்றையொன்று சாராத வேகங்களுடன் மோதும் மறு எல்லையை 1975இல் ஏபிரகாம்சன் ஆராய்ந்தார். சுழிகளால் வெளியே தள்ளப்படும் துணிக்கைகள் சுழிகளுக்கு இடைப்பட்ட பகுதிகளிற் செறிகின்றன என்பது 1987இல் மக்சி வெளியிட்ட ஆய்வினால் தெளிவாயிற்று.

அயன மண்டலத்தில் இவ்வாய்வின் பயன் பெரிது. அங்கே பனிக்கட்டி உருவாகாத முகில்களும் மழை பொழிகின்றன. ஒடுங்கலால் நிகழும் வளர்ச்சி 15 மைக்கிரோமீற்றர் ஆரையளவில் மந்தமடையும். வீழும் துளி பிறவற்றை மோதிச் சேர்ப்பதோ 40 மைக்கிரோமீற்றரளவிலேயே வலுப்பெறும். இவ்விடைவெளியைத் துளிகள் கடப்பதற்குக் கொந்தளிப்பு எவ்வளவு துணைபுரிகின்றது என்பதில் அறிஞரிடையே இன்றும் விவாதம் நிலவுகின்றது.

கூழ்க்கரைசலுக்கென வகுக்கப்பட்ட கோட்பாடு மழையை விளக்க உதவியமை தற்செயலன்று. பின்வந்தோர் அதனைப் புறக்கணித்திலர். அது எந்த எடுகோளின்மேல் நிற்கின்றதென ஆராய்ந்து, அவ்வெடுகோள் பொருந்தாத இடத்திலிருந்து தம் பணியைத் தொடங்கினர். இக்கோட்பாடு வளர்ந்த வழி அதுவேயாகும்.