உல்லாசத் தீவில் தாத்தாவின் காலடி

தீவு என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது என்ன? நீச்சல், மீன்பிடிப்பு, மணல்வீடு, மரநிழலில் கட்டுச்சோறு. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் இவை எல்லாமே உண்டு. மரினா சவுத் படகுத்துறையில் ஃபெரி ஏறினால் போதும். ஆனால், ஒரு காலத்தில் இதே கரையில் இறங்கியவர்கள் உல்லாசத்திற்காக வரவில்லை.

1873ஆம் ஆண்டு சிங்கப்பூரில் காலரா பரவியது. மறு ஆண்டே ஆங்கிலேய அரசு இத்தீவில் நோய்த்தடுப்புத் தனிமை நிலையத்தைத் திறந்தது. சீனாவிலிருந்து வந்தவர்கள், மெக்கா சென்று திரும்பிய ஹஜ் பயணிகள், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர்கள் எனப் பலரும் இங்கே தங்க வைக்கப்பட்டனர்.

'ரஜூலா' கப்பலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926ல் கட்டப்பட்ட அக்கப்பல், 1973 வரை தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் பல நாள் பயணம் செய்தவர்களுக்கு, கண்ணெதிரே சிங்கப்பூர் தெரிந்தும் உடனே கால் வைக்க முடியாத நிலை. கப்பலில் அம்மை கண்டால் முதலில் தீவு, பிறகுதான் ஊர். அந்தக் காத்திருப்பு எத்தனை கனத்திருக்கும்!

போருக்குப் பிறகு இத்தீவு அரசியல் கைதிகளையும் கண்டது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயர் 1950களின் தொடக்கத்தில் இங்கே தடுத்து வைக்கப்பட்டவர்தான். 1955ல் அபின் பழக்கத்திற்கு அடிமையானவர்களுக்கான மறுவாழ்வு நிலையமும் இங்கே தொடங்கியது. 1975ல்தான் தீவு விடுமுறைத் தலமாக மாறியது.

அப்படியானால் அங்கே சிரித்து மகிழக்கூடாதா? தாராளமாக மகிழலாம். பாலத்தைக் கடந்து லாசரஸ் தீவின் வெண்மணலில் விளையாடலாம். ஆனால், நீராடிவிட்டுத் திரும்புவது மட்டுமே சுற்றுலா ஆகிவிடாது. நம் முன்னோர் கடந்து வந்த பாதையைத் தெரிந்துகொள்வதும் சுற்றுலாவின் பயன்தான்.

ரஜூலாவில் வந்தவர்கள் இன்று ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அடுத்த விடுமுறையில் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். படகுத்துறையில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அவர்கள் சொல்லும் கதையை எந்த வழிகாட்டியாலும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியதை இன்றே கேட்டு வைப்போம். நாளை கேட்க நினைத்தால் சொல்ல ஆள் இருக்காது.