புரூனோவுக்கு மறுமை உண்டா? திருவனந்தபுரத்தின் மூன்று திருச்சபை மரபுகளும் விலங்குயிரும்

2021 ஜூன் கடைசியில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தை அடுத்த அடிமலத்துறைக் கடற்கரையில், புரூனோ என்ற வளர்ப்பு லாப்ரடார் நாயை மூவர் படகில் தொங்கவிட்டுக் கட்டையால் அடித்துக் கொன்றனர். அந்தக் காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. அடுத்த சில நாட்களில் கேரள உயர் நீதிமன்றம் விலங்குப் பாதுகாப்பில் அரசின் மெத்தனத்தைப் பொதுநல வழக்காகத் தானே எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ஜெயசங்கரன் நம்பியாரும் கோபிநாத்தும் வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டினர். ஆக, செத்துப்போன ஒரு விலங்குக்கு நீதி கேட்கும் இடம் சட்டத்தில் உண்டு. இலத்தீன் கத்தோலிக்கர் செறிந்து வாழும் அந்தக் கரையின் சமய நம்பிக்கையில் அப்படி ஓர் இடம் உண்டா? நாயை இழந்தவருக்கு ஆறுதல் சொல்வது வேறு வேலை. கொல்லப்பட்ட விலங்கின் கணக்கு கடவுளிடத்தில் சாவோடு முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘விலங்கின் ஆன்மா அழியுமா, அழியாதா’ என்று கேட்டதால்தான் ‘அழியும், ஆகவே மறுமை இல்லை’ என்ற விடை அத்தனை சுலபமாகக் கிடைத்தது. கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் ஆன்மாவின் இயல்பான அழியாமை அன்று. கடவுள் செய்யும் உயிர்த்தெழுப்புதல். கேள்வியை அந்த இடத்தில் வைத்தால் விடை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

இதைச் சோதிக்கத் திருவனந்தபுரம் வசதியான ஊர். பாளையத்தில் இலத்தீன் மரபின் புனித யோசேப்பு பேராலயம், அருகிலேயே எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன்) வளாகத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் தென் கேரளப் பேராயம். பட்டத்தில் சீரோ மலங்கரைத் திருச்சபையின் தலைமைப் பேராலயம். மூன்று மரபும் மூன்று விதமான சொத்தைச் சுமந்து வந்தவை.

இலத்தீன் மரபின் விடை தாமஸ் அக்குவினாஸ் தந்தது. விலங்கின் ஆன்மா செய்வதெல்லாம் உடலோடு சேர்ந்தே செய்கிறது; உடலை விட்டுத் தனியே அதற்கு ஒரு செயலும் இல்லை; எனவே உடல் போனால் அதுவும் போகும். புதுப்பிக்கப்பட்ட உலகில் செடிகொடியும் விலங்கும் இரா என்ற வாதமும் அவர் பெயரில் உள்ள ‘இறையியல் தொகுப்பு’ நூலின் பின்னிணைப்பில் வருகிறது. அந்தப் பின்னிணைப்பு அவர் இறந்தபின் பிறர் அவரது பழைய உரையிலிருந்து எடுத்துத் தொகுத்தது என்பதை மேற்கோள் காட்டுவோர் பலரும் சொல்வதில்லை.

இந்த விடை தமிழ் மண்ணில் இன்னும் இறுகியதற்குத் தனிக் காரணம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி ‘ஆத்தும நிர்ணயம்’ எழுதினார். ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று மறுபிறப்பை மறுத்தும் எழுதினார். மனித உயிர் நாயாகவும் நாயின் உயிர் மனிதனாகவும் பிறக்கும் என்ற கொள்கைக்கு நடுவே நின்று வாதிட்டவர்களுக்கு, மனித ஆன்மாவையும் விலங்கின் ஆன்மாவையும் பிரிக்கும் சுவர் எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சுவர் கட்டப்பட்டது மறுபிறப்பைத் தடுக்க. அதன் மறுபக்கத்தில் விலங்கின் மறுமையும் சேர்ந்து அடைபட்டுப் போனதை யாரும் தனியே ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இதே கரைக்கு நொபிலிக்கு முன்பே வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதியவர். அவர் முக்குவர் குடிகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த விசுவாசப் பிரமாணம் அறிக்கையிடுவது உடலின் உயிர்ப்பை. ஆன்மா தன் இயல்பால் சாகாதது என்ற கூற்று அதில் இல்லை. கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டே மனப்பாடம் செய்த அந்தச் செபத்தை அளவுகோலாக வைத்தால், விலங்கின் ஆன்மா தனித்து நில்லாது என்பது முடிவான தடையாகாது.

இங்கே அக்குவினாஸ் தரப்பில் எழும் வலுவான எதிர்வாதம் ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. மனிதன் செத்தாலும் அவன் ஆன்மா நிலைத்திருப்பதால் உயிர்த்தெழுபவன் அதே ஆள். விலங்கிலோ எதுவும் மிஞ்சுவதில்லை. அப்படியானால் கடவுள் எழுப்புவது புரூனோவையா, புரூனோவைப் போன்ற இன்னொரு நாயையா? நல்ல கேள்விதான். இதற்கான விடை அவரிடமே இருக்கிறது. ‘குவோட்லிபெட்’ எனப்படும் விவாதங்களில், முற்றிலும் இல்லாமற்போன ஒன்றைக் கடவுள் அதே ஒன்றாக மீட்க முடியுமா என்ற வினாவை அவர் எடுக்கிறார். இயக்கம், காலம் போலத் தொடர்ச்சியையே இயல்பாகக் கொண்டவற்றில் முடியாது, நிலைத்த பொருள்களில் முடியும் என்கிறார். முடியும் என்பதால் கடவுள் செய்வார் என்று ஆகிவிடாது. ஆனால் ‘முடியாது’ என்ற வாதம் அத்துடன் விழுந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கடவுளின் விருப்பம் பற்றிய கேள்வி. அதற்கு மறைநூலைத்தான் புரட்ட வேண்டும்.

மறைநூல் இரு பக்கமும் பேசுகிறது. மனிதனுக்கும் மிருகத்துக்கும் மூச்சு ஒன்றே, இரண்டின் ஆவியும் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும் என்று பிரசங்கி கைவிரிக்கிறார். பேதுருவின் இரண்டாம் நிருபம் பிடிபட்டு அழியப் பிறந்த மிருகங்களை உவமையாக எடுக்கிறது. ஆனால் அங்கே வசை பொய்ப் போதகர்களுக்கு, விலங்கின் கதி பற்றிய போதனை அன்று. எதிர்ப்பக்கம் கனமானது. நோவாவோடு செய்த உடன்படிக்கையில் விலங்குகளும் ஒரு தரப்பு. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்காகக் காத்திருக்கிறது. ஒரு குருவியும் கடவுளின் முன் மறக்கப்படுவதில்லை என்கிறது லூக்கா. இங்கு பேச்சு குருவி இனத்தைப் பற்றியதன்று. ஒரு குருவியைப் பற்றியது.

ரோமர் பகுதியை மையமாகக் கொண்டுதான் ஜான் வெஸ்லி ‘பொது விடுதலை’ என்ற பிரசங்கத்தை எழுதினார். எழுதிய ஆண்டு 1781. குற்றம் செய்யாமல் துன்புற்ற உயிர்களுக்கு ஈடு செய்யப்படாவிட்டால் கடவுளின் நீதி எங்கே என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. தமிழ் வாசகருக்கு இது அந்நியமானதல்ல. மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு மணியை அடித்துக் கேட்டதும் நீதியைத்தான். பெரியபுராணத்தில் இறுதியில் அதே கன்று உயிரோடு எழுகிறது.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் வெஸ்லியின் மரபும் லண்டன் மிஷன் மரபும் ஒன்றாயின. ஆனால் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தது பின்னதுதான். இங்கு பணியாற்றிய சாமுவேல் மெட்டீர் 1883இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வாழ்க்கை பற்றிய நூலில், பேய்க்கோயில்களுக்குக் கோழியும் ஆடும் பலியிடும் வழக்கங்களைப் பதிவு செய்கிறார். மதம் மாறியவர்கள் பலியை விட்டார்கள். பலிமேடையோடு விலங்கும் வழிபாட்டிலிருந்து வெளியேறியது. பிறகு அது கிறிஸ்துமஸ் சமையலறையில் மட்டும் தலைகாட்டியது. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் பொய்யில்லை.

படித்த சீர்திருத்தச் சபையினர் இன்று வெஸ்லியைவிட சி. எஸ். லூயிஸை அதிகம் காட்டுகிறார்கள். 1940இல் வந்த ‘வலியின் பிரச்சினை’ நூலில் அவர் தரும் யூகம் இது: வளர்ப்பு விலங்கு தன் எஜமானரோடு கொண்ட உறவால் ஒரு தன்மையைப் பெறுகிறது, அவர் வழியாகவே மறுமையிலும் பங்கு பெறலாம். கேட்க இதமாக இருக்கிறது. அடிமலத்துறைக்கு அருகே புல்லுவிளையில் வைத்துப் பார்த்தால் பிசகுகிறது. அங்கே 2016 ஆகஸ்டில் ஒரு மூதாட்டியைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. தெருநாய்களைக் கொல்லலாமா என்ற சண்டை கேரளமெங்கும் மூண்டது. லூயிஸ் கணக்கில் புரூனோ உள்ளே, தெருநாய் வெளியே. எஜமானர் இல்லாமை ஒரு நாயின் குற்றமாகிவிடுகிறது. மறுமையின் ஆதாரம் மனிதப் பாசம் என்றால் இப்படித்தான் முடியும். கடவுளின் நீதி என்றால் இரண்டுக்கும் ஒரே வாசல். இதில் வெஸ்லிதான் சரி.

ஆச்சரியம் பட்டத்தில் காத்திருக்கிறது. சீரோ மலங்கரை உட்படக் கேரளத்தின் சுரியானி மரபுத் திருச்சபைகள் பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்பு ‘மூன்று நோன்பு’ அனுசரிக்கின்றன. நினிவே மக்கள் மனந்திரும்பியதன் நினைவு அது. யோனா நூலில் அரசன் இட்ட கட்டளையை நிதானமாகப் படிக்க வேண்டும்: ஆடுமாடும் புல்லைத் தொடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, அவற்றுக்கும் சாக்குத் துணி போர்த்த வேண்டும். நூலின் கடைசி வாக்கியத்தில் கடவுள் அந்நகரின் மேல் தாம் இரங்குவதற்குக் காரணம் சொல்லும்போது மிருகஜீவன்களையும் சேர்த்தே எண்ணுகிறார். பின்னர் ஏழாம் நூற்றாண்டில் அதே நினிவேயின் ஆயராகச் சில காலம் இருந்த ஈசாக்கு, இரக்கமுள்ள இதயம் எது என்று விளக்கும்போது பறவைகளுக்காகவும் ஊர்வனவற்றுக்காகவும்கூட அது கண்ணீரோடு மன்றாடும் என்கிறார். யாருக்காக மன்றாடுகிறோமோ அவர்களைப் பற்றி நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. விலங்கை மன்றாட்டுக்குள் கொண்டுவந்த ஒரு மரபு அதை மறுமையிலிருந்து தள்ளுவதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒரு காரணம் அம்மரபுக்குள் எனக்குத் தென்படவில்லை.

கரையிலிருந்து வரும் மறுப்பு எளிமையானது: மீனுக்கும் மறுமை என்றால் வலை வீசுவது பாவமா? உயிர்த்தெழுந்த இயேசு சுட்ட மீனை உண்டார் என்று லூக்காவே சொல்கிறார். சாளைக்கும் நெத்தோலிக்கும் கடவுளிடம் கணக்கு இருப்பதால் அவற்றை உண்பது குற்றமாகாது. பசிக்காக அன்றி வேடிக்கைக்காக அடித்துக் கொன்றதற்கே பதில் சொல்ல வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த நாயை நினைத்து அழுத சிறுவனிடம் சொர்க்கம் எல்லா உயிர்க்கும் திறந்திருக்கிறது என்றார் என 2014 டிசம்பரில் ஒரு செய்தி உலகைச் சுற்றியது. அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை. ஆனால் 2015இல் அவர் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 243ஆம் பத்தி, மறுவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியுடன் உருமாறித் தன் இடத்தைப் பெறும் என்று கற்பிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2415 முதல் 2418 வரை விலங்குகளைப் பற்றிப் பேசுகிறது. அவற்றின் மறுமை பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எனவே மறைக்கல்வி வகுப்பில் கேட்கும் குழந்தையிடம் ‘இல்லை என்பது அக்குவினாஸின் கருத்து’ என்று ஆசிரியர் சொல்லலாம். ‘இல்லை என்று திருச்சபை சொல்கிறது’ என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.